100 கிராமைப் புண்ணாக்கும் 40 மில்லிகிராம்

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி போல ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் 4. ஒன்றின் எடை 30 முதல் 50 மில்லிகிராம். நான்கையும் சேர்த்தாலும் கால் கிராம் தேறாது. வயிற்றிலுள்ள கணையமோ ஏறக்குறைய 100 கிராம். அந்தப் பொடிசு இதைப் புண்ணாக்குவது கால்சியம் வழியாக.

ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கலாம். சுரப்பியில் கட்டி வந்தால் (இந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் 100 நோயாளிகளில் சுமார் 85 பேருக்கு ஒற்றைக் கட்டிதான்) ஹார்மோன் எகிறி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டும். அளவு 12, 13 என்று ஏறினால், குடலுக்குப் போய்ப் புரதத்தைச் செரிக்க வேண்டிய டிரிப்சின் என்ற நொதி கணையத்துக்குள்ளேயே வேலையை ஆரம்பித்துவிடும்.

திடீர்க் கணைய அழற்சியில் பித்தப்பைக் கல்லும் குடியும் சேர்ந்து முக்கால் பங்கு. கால்சியத்தின் பங்கு 1 சதவீதம்கூட இராது. அதனால்தான் பலரும் தேடுவதில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டால் கதை வேறு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1950 முதல் 1975 வரை பார்த்த பாராதைராய்டு நோயாளிகள் 1,153 பேரில் 17 பேருக்குக் கணைய அழற்சி. வேலூர் சிஎம்சி 2006இல் வெளியிட்ட கணக்கில் 101 பேரில் 13 பேர். அங்கே 1.5 சதவீதம், இங்கே 13. நம்மூரில் நோய் முற்றிய பிறகே ஆள் வந்து சேர்வதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

இதில் ஒரு பொறி உண்டு. அழற்சி உச்சத்தில் இருக்கும்போது, கணையத்தைச் சுற்றிக் கரையும் கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏறியிருந்த எண் இறங்கி நல்லபிள்ளையாகத் தெரியும். ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் அல்புமின் என்ற புரதமும் குறையும்; அதனாலும் எண் இறங்கித் தெரியும். அறிக்கையில் கால்சியம் 9.8, அல்புமின் 2.5 என்று வைத்துக்கொள்வோம். 4க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்ட வேண்டும்: 1.5 பெருக்கல் 0.8, அதாவது 1.2. உண்மைக் கணக்கு 11.0. "கால்சியம் நார்மல்" என்று எழுதி டிஸ்சார்ஜ் செய்தால் அடுத்த வலிக்கு மறுபடி அட்மிஷன்தான்.

கல்லும் இல்லை, குடியும் இல்லை என்றால், உடம்பு தேறிச் சில வாரம் கழித்துக் கால்சியத்தை மறுபடி பார்ப்பது அவசியம். செலவு சில நூறு ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கூடவே பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்க வேண்டும். அதன் வரம்பு மில்லிலிட்டருக்கு 15 முதல் 65 பிகோகிராம். கால்சியம் ஏறியிருக்கையில் அது அடங்கிக் கிடக்க வேண்டும். 60 என்று வந்தாலே சந்தேகம்தான்.

அறுவை அரங்கிலும் எண்தான் முடிவு சொல்லும். கட்டியை எடுத்த 10 நிமிடத்தில் ஹார்மோன் பாதிக்குக் கீழே இறங்கினால் தையல் போடலாம். இறங்காவிட்டால் மற்ற மூன்றையும் தேட வேண்டியதுதான்.