பிறந்த ஊர் வெயில், பழகாத உடல்

சென்ற ஆண்டு சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம், இரவு 11 மணியளவில், 71 வயதுடைய ஒருவரை அவருடைய மனைவியும் உறவினர் ஒருவரும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். காலையிலிருந்து நடை தள்ளாடியிருக்கிறது. பேச்சு தெளிவாக இல்லை. குளியலறையில் ஒருமுறை விழுந்திருக்கிறார். மாலையில் பேரனின் பெயரைக் கேட்டபோது நெடுநேரம் யோசித்தும் சொல்ல இயலவில்லை. பக்கவாதமாக இருக்குமோ என்று உறவினர் அஞ்சினார். மூளை ஸ்கேனில் குறை எதுவும் தெரியவில்லை. ரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியத்தின் அளவு 117 ஆக இருந்தது.

அவர் மேலூரில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 34 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு, ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, அழகர் ஆற்றில் இறங்கும் நாளைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே ஏப்ரல் மாதத்தில் மனைவியுடன் வந்து சேர்ந்தார். மனைவி ஆங்கிலேயர், மதுரையில் தொடர்ந்து பத்து நாள்களுக்கு மேல் அதற்குமுன் தங்கியதில்லை. இருவரின் இசைவோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இதை எழுதுகிறேன்.

இதில் என் பங்கையும் சொல்லியாக வேண்டும். அவசரப் பிரிவுக்கு வருவதற்கு ஆறு நாள்களுக்கு முன் அவர் புறநோயாளர் பிரிவில் என்னைப் பார்த்திருந்தார். எழுந்து நிற்கும்போது லேசாகத் தலை சுற்றுகிறது என்றார். "வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்றேன். அவர் சிரித்தார். "நான் மேலூர்க்காரன், டாக்டர். இந்த வெயிலில்தான் மாடு மேய்த்தேன்" என்றார். கோடையில் எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்: நிறையத் தண்ணீர் குடியுங்கள். அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஆனால் நின்று படிக்கவில்லை. அதில் ரத்த அழுத்தத்துக்காக இண்டபமைடும், மனச்சோர்வுக்காகச் செர்ட்ராலினும் இருந்தன. முன்னது சிறுநீரின் வழியே உப்பை வெளியேற்றும். பின்னது, குறிப்பாக முதியவர்களிடம், உடலில் நீரைத் தேக்கிவைத்துச் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யக்கூடும். வியர்வையிலும் உப்பு போய்க்கொண்டிருந்தது. சொன்ன சொல் தவறாதவர் அவர். நாளொன்றுக்கு நான்கு, ஐந்து லிட்டர் வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறார். வெயிலில் பசி குறைந்து உணவும் சரியாக இறங்கவில்லை. ரத்தத்தில் உப்பு குறைவதற்கு இவ்வளவு போதும்.

சோடியத்தை வேகமாக உயர்த்தினால் மூளைக்கு நிரந்தரமான சேதம் நேரலாம் என்பதால், அளந்து அளந்து நான்கு நாள்களில் சரிசெய்தோம். ஐந்தாம் நாள் காலையில் பேரனின் பெயரோடு, அவன் படிக்கும் பள்ளியின் பெயரையும் சேர்த்தே சொன்னார்.

அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா போன்ற நாடுகளில் பணிக்காலத்தைக் கழித்துவிட்டு மதுரைக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் திரும்பும் பெரியவர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். ஏறக்குறைய அனைவரும் ஒரே நம்பிக்கையோடு வருகிறார்கள்: பிறந்து வளர்ந்த ஊர், உடலுக்கு எல்லாம் நினைவிருக்கும். உடலுக்கு நினைவிருப்பதில்லை. வெப்பத்துக்குப் பழகுதல் என்பது பிறப்பால் வரும் உரிமையன்று. நாள்தோறும் வெயிலில் இருப்பதால் உடல் செய்துகொள்ளும் ஓர் ஏற்பாடு. ரத்தத்தின் நீர்ப்பகுதி சற்றுக் கூடுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. அந்த வியர்வையில் உப்பு குறைகிறது. இதயம் அதே வேலைக்குக் குறைவாகத் துடிக்கிறது. இளைஞருக்கு இந்த மாற்றம் ஏற்பட ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும்; முதியவருக்கு அதைவிடக் கூடுதலாக ஆகலாம். குளிர்ந்த இடத்துக்குச் சென்றுவிட்டால் சில வாரங்களிலேயே இது கலைந்துவிடுகிறது. 34 ஆண்டுகளுக்குப் பிறகு எஞ்சியிருப்பது வெயிலைப் பற்றிய நினைவு மட்டுமே.

அந்தத் தம்பதியரில் யார் மதுரை வெயிலை நன்றாகச் சமாளித்தார் என்று நினைக்கிறீர்கள்? யார்க்‌ஷயரில் பிறந்த மனைவிதான். தமக்கு இது புதிய நாடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வந்த நாள் முதல் காலை 10 மணிக்கு மேல் மாலை 5 மணி வரை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எப்போது துணி துவைக்கிறார்கள், எப்போது கடைக்குப் போகிறார்கள், நண்பகலில் எந்தச் சன்னலைச் சாத்துகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அப்படியே செய்தார். மோரில் உப்புப் போட்டுக் குடிக்கக் கற்றுக்கொண்டார். கணவரோ வைகைக் கரையில் அதிகாலை முதல் நண்பகல் வரை கூட்டத்தில் நின்றுவிட்டு வந்தார்.

இந்த ஊர் வெயிலுக்கு அஞ்சியவர்களின் வரலாறு பழையது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் வெப்பத்தாலும் தொற்றுநோய்களாலும் பல உயிர்களை இழந்தார்கள். 1845இல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அவர்கள் கட்டிய இரண்டு வீடுகளிலிருந்துதான் கொடைக்கானல் என்ற மலைநகரம் வளர்ந்தது. இன்றும் வெளிநாட்டிலிருந்து திரும்பிய சிலர் மே மாதத்தைக் கொடைக்கானலில் கழிக்கிறார்கள். தவறில்லை. ஆனால் ஒரு மாதம் அங்கே இருந்துவிட்டு ஜூன் முதல் வாரத்தில் இறங்கி வருபவர், வெயிலைப் பொறுத்தவரை மீண்டும் புதியவர். கத்திரி முடிந்துவிட்டது என்பதால் மதுரையில் வெப்பம் தணிந்துவிடுவதில்லை.

வரும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வாருங்கள். ஜனவரி, பிப்ரவரி கடந்து வெயில் படிப்படியாக ஏறும்போது உடலும் அதனோடு சேர்ந்து ஏறும். வந்த முதல் வாரங்களில் நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று நாள்களில் இரண்டு கிலோ குறைந்தால் அது மெலிவு அன்று, நீரிழப்பு. மூப்பில் தாகவுணர்வு மங்கிவிடுவதால் தாகத்தை மட்டும் நம்ப முடியாது. அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தீர்வாகாது என்பதை மேலே பார்த்தோம். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடியுங்கள். அதில் ஒரு பங்கு மோராகவோ நீராகாரமாகவோ இருக்கட்டும். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மின்விசிறியைப் பற்றியும் ஒரு சொல்: அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி அனல்காற்றைத்தான் உடல்மேல் வீசும். ஏ.சி. இருந்தால் 27 டிகிரியில் வைத்து, அதனோடு விசிறியையும் ஓடவிடுங்கள்.

மாத்திரைகளுக்கு வருவோம். குளிர்நாட்டில் அளவு பார்த்துக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரை, தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும் வெப்பநாட்டில் அதிகமாகிவிடலாம். வந்து இரண்டு வாரங்களுக்குள் ஒருமுறை ரத்த அழுத்தத்தை உட்கார்ந்தும் நின்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் ஆகியவற்றையும் பரிசோதிக்க வேண்டும். நீர் மாத்திரைகள் மட்டுமல்ல, சிறுநீரை அடக்குவதற்கான ஆக்ஸிபியூட்டினின் போன்றவை வியர்வையைக் குறைத்துவிடும். டாபாக்லிஃப்ளோசின் வகையைச் சேர்ந்த சர்க்கரை மாத்திரைகள் நீரிழப்பைக் கூட்டும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பட்டியலோடு வாருங்கள். இம்முறை நான் நின்று படிப்பேன்.

பட்டியலில் வணிகப் பெயரை எழுதாமல் மருந்தின் பொதுப்பெயரை எழுதுவது நல்லது. அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் எனப்படுவது இங்கே பாராசிட்டமால். அங்கே ஆல்புட்டரால், இங்கே சால்புட்டமால். பரிசோதனை எண்களிலும் குழப்பம் உண்டு. இங்கிலாந்தில் ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். அந்த எண்ணை 18 ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். அங்கே 7 என்றால் இங்கே 126. வெளிநாட்டுக் கருவியில் 6.5 என்று பார்த்துவிட்டு, சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று பதறி வாயில் குளுக்கோஸைக் கொட்டிய உறவினரை நான் அறிவேன். இன்சுலின் பயன்படுத்துபவர்கள், மே மாதத்து மதுரை அறையை "அறை வெப்பநிலை" என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். மின்வெட்டு நீளும்போது, பெரிய மண்பானைக்குள் சிறு மண்பானையை வைத்து, இடையில் ஈரமணலை நிரப்பினால் ஓரளவு குளிர்ச்சி கிடைக்கும்.

தொற்றுநோய்களிலும் இதே மறதி உண்டு. சிறுவயதில் வந்துபோன மஞ்சள்காமாலையின் ஏ வகைக்கு எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். டைஃபாய்டுக்கு அப்படி இல்லை. வருவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெங்கு வரும். அதைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. அப்போது காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலைத் தவிர வேறு வலிமாத்திரைகள் வேண்டாம். மற்றொன்று, தெருநாய். நாற்பது ஆண்டுகளாக வெறிநாய்க்கடியைப் பற்றி நினைக்கவே தேவையில்லாத ஊரில் இருந்தவர்கள், சிறு கீறல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்கு வந்துவிட வேண்டும்.

பணத்தைப் பற்றி மருத்துவர் எழுதலாமா என்று தயங்கினேன். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தும் பலருக்குக் காரணம் அதுவே என்பதால் எழுதுகிறேன். அமெரிக்காவின் மெடிகேர் பொதுவாக அந்நாட்டுக்கு வெளியே செல்லாது. அதன் பி பிரிவைக் கைவிட்டுப் பின்னர் சேர்பவர் கூடுதல் கட்டணம் செலுத்த நேரிடும். பிரிட்டனின் இலவச மருத்துவச் சேவை அங்கே வசிப்பவர்களுக்கானது. நிரந்தரமாக வெளியேறியவருக்கு அந்த உரிமை இல்லை. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியமும் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. இந்தியாவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கலாம் என்ற விதி 2024 ஏப்ரலில் வந்தது. ஆனால் ஏற்கனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். அங்குள்ள வீட்டை விற்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

அந்தத் தம்பதியர் மறுபரிசோதனைக்கு வந்தபோது ரத்த அழுத்த மாத்திரையை மாற்றி, மனச்சோர்வுக்கான மாத்திரையையும் மனநல மருத்துவரின் ஆலோசனையோடு மாற்றியிருந்தோம். அவர் நன்றாக இருந்தார். லீட்ஸில் அவருக்கு நண்பர்கள் பலர். மேலூரில் அவர் தேடி வந்த பள்ளித்தோழர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை என்பதை மட்டும் வருத்தத்தோடு சொன்னார். வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடப்பவர்களில் சிலர் அவருக்குப் புதிய நண்பர்களாகியிருந்தார்கள்.

அவர் ரத்தம் கொடுக்கச் சென்ற இடைவெளியில் மனைவி என்னிடம் ஒன்று கேட்டார். அன்றிரவு உறவினர் தற்செயலாக வீட்டில் இருந்தார். அவர் இல்லாமலிருந்து, கணவரும் பேச முடியாமலிருந்தால், தமிழ் தெரியாத நான் யாரிடம் என்ன சொல்லியிருப்பேன்? ஏழு ஆண்டுகள் கழித்தும் நான் இங்கே இருந்து, அவர் இல்லாவிட்டால்?

இரண்டாம் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பிள்ளைகளோடு அமர்ந்து இப்போதே பேசிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். முதல் கேள்விக்கு எங்கள் செவிலியர் ஒருவர் விடை கண்டார். ஒரு தாளில் 108 என்று பெரிதாக எழுதி, அதன்கீழே சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்களைத் தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் அமைத்து எழுதிக் கொடுத்தார்: என் கணவருக்கு உடல்நிலை சரியில்லை, எனக்குத் தமிழ் தெரியாது, வீடு ஒத்தக்கடைக்கு அடுத்து, பெட்ரோல் பங்க் எதிரில் வலதுபுறம் திரும்ப வேண்டும். மறுபக்கத்தில் அண்டை வீட்டார் இருவரின் தொலைபேசி எண்களும், இருவரின் மாத்திரைப் பட்டியலும் இருந்தன. அந்த அம்மையார் நான்கு வாக்கியங்களையும் எங்கள் முன் சொல்லிக் காட்டினார். "வலதுபுறம்" என்பதில் மட்டும் செவிலியர் மூன்று முறை திருத்த வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தாள் அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.