உங்களுக்குத் தெரியுமா? தேக்கும் மக்கும்!

தேக்கு என்பதாலேயே ஒரு பலகை மழையைத் தாங்கிவிடாது. மரத்தின் வெளிர்நிற ஓரப் பகுதியான ‘வெள்ளை’ ஈரத்தில் மக்கும், கரையானும் அரிக்கும். தாங்குவது நடுவிலுள்ள வைரம்தான்.

● மியான்மரின் அமரபுரத்தில் உள்ள ஊ பெயின் பாலத்தைப் பாருங்கள். 1850-ஐ ஒட்டித் தேக்கில் கட்டியது. நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். பழுதான சில தூண்களைக் கான்கிரீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் ஏரியின் நடுவே இன்றும் மக்கள் அதில் நடக்கிறார்கள்!

● மண்ணில் நட்ட கம்பம் முதலில் மக்குவது தரைமட்டத்தில்தான். பூஞ்சைக்கு வேண்டிய காற்றும் ஈரமும் அங்கே சேர்ந்து கிடைக்கின்றன.

● அறுத்த முனை மற்றப் பக்கங்களைவிட வேகமாக நீரை உறிஞ்சும். பெயின்ட் அடிக்கும்போது முனையை விட்டுவிடாதீர்கள்.

வாசல் கதவோ தோட்டத்து பெஞ்சோ, பலகையில் வெள்ளை தெரிந்தால் வாங்காதீர்கள்.