ஊசி போட்ட மாட்டின் பாலைச் சங்கத்தில் ஊற்றலாமா?

பாகூர் ஏரிப் பாசனத்திலும் சரி, வில்லியனூர் கொம்யூனில் சங்கராபரணி ஆற்றோரக் கிராமங்களிலும் சரி, நெல் பணம் அறுவடைக்கு அறுவடைதான் வரும். இடையில் வீட்டை ஓட்டுவது பால் பணம். அதனால்தான் மாட்டுக்கு மடிநோய் வந்தால் குடும்பமே ஆடிப்போகிறது.

நான் பயிர்ப் பக்கத்து ஆள். கால்நடை மருத்துவர் அல்ல. ஆனாலும் மண் மாதிரி எடுக்க வந்தால் கடைசியில் பேச்சு மாட்டுக் கொட்டகையில்தான் முடிகிறது. பாகூர் பக்கம் ஒரு அம்மா கேட்டார்: "ஏழு நாள் பாலைக் கீழ ஊத்தச் சொல்றீங்களே சார், மாட்டுக் கடனுக்குத் தவணை யார் கட்டுறது?"

நியாயமான கேள்வி. முதலில் கணக்கைப் பார்ப்போம். மடிநோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) ஊசி போட்டால், அந்த மருந்து சில நாட்களுக்குப் பாலில் வந்துகொண்டே இருக்கும். எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பது மருந்தின் அட்டையில் இருக்கும். அட்டையில் இல்லாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று மருந்துகள் விதிகளில் 2012ல் சேர்த்திருக்கிறார்கள். இது கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டிய கணக்கு. மூன்று நாள் சிகிச்சை என்றால் மொத்தம் சுமார் 10 நாள். தினம் 8 லிட்டர் கறக்கும் மாட்டில் 80 லிட்டர் போகும். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலே 2,800 ரூபாய்.

இதை முழுக்க விவசாயி தலையில் கட்டுவது சரியல்ல என்பதே என் கருத்து. சங்கங்கள் கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து விலை போடுகின்றன. மருந்துப் பாலை நிறுத்தி வைப்பவருக்கு ஒரு சிறு ஈட்டுத்தொகை கொடுக்கும் ஏற்பாட்டை ஏன் யோசிக்கக் கூடாது? விரிவாக்கப் பணியாளர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைக் கிளப்பலாம்.

அதற்காக ஊற்றிவிடலாம் என்று அர்த்தமில்லை. மருந்துப் பாலில் தயிர் சரியாக உறையாது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். மருந்து உறைமோரில் உள்ள நல்ல நுண்ணுயிரைக் கொல்வதே காரணம். குறைந்த அளவில் இருந்தால் தயிர் உறைந்தும் விடும். எனவே அதை நம்பிச் சோதிக்க முடியாது. காய்ச்சினாலும் பெரும்பாலான மருந்துகள் முழுதாக அழிவதில்லை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைச் சந்திக்கும் கிருமிகள் அதற்குப் பழகிவிடுகின்றன. அப்புறம் உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே மருந்து கேட்காது. இந்தப் பயத்தால்தான் ஐரோப்பிய நாடுகள் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் இம்மருந்துகளைக் கலப்பதை 2006ல் தடை செய்தன. நம் நாட்டிலும் கோழி, கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பது 2019ல் தடையானது.

ஒதுக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டுவது நம்மிடம் பழக்கம். அதுவும் வேண்டாம், கன்றின் குடலிலேயே மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். வாய்க்காலில் கொட்டாமல் குழியில் ஊற்றி மூடுங்கள். சிகிச்சையில் உள்ள மாட்டின் சாணியையும் பச்சையாக வயலில் போடாமல் நன்றாக மட்கிய பிறகு போடுங்கள்.

நோய் வராமல் பார்ப்பதே லாபம். மடிநோய் தரையிலிருந்தும் வருகிறது. கறந்து முடித்ததும் காம்புத் துவாரம் அரை மணி நேரமாவது திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு ஈரச் சாணியில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும். கறந்த கையோடு முன்னால் தீவனம் போடுங்கள்; மாடு நின்றுகொண்டே தின்னும். மழைக்காலத்தில் தரையில் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள். விலங்கு நலம் என்றால் பட்டணத்துக்காரர் பேச்சு என்று சிரிப்பவர்கள் உண்டு. உலர்ந்த படுக்கை, தாகத்துக்குத் தண்ணீர், வலிக்கு வைத்தியம் இவைதானே அது? ஜல்லிக்கட்டு வழக்கில் 2014ல் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்ன விலங்குகளின் ஐந்து சுதந்திரங்களிலும் இவை அடங்கும்.

தினமும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக இருந்தால் நோயின் தொடக்கம். அப்போதே கைகொடுக்கும் மூலிகைப் பக்குவம் ஒன்றைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பியது. தேசியப் பால்வள வாரியமும் அதை எடுத்துக்கொண்டது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் சிவப்பு விழுது கிடைக்கும். மடியைக் கழுவி, பாலை முழுதும் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதை நீரில் கரைத்து மடி முழுக்கத் தடவுங்கள். நாளுக்கு 8 முதல் 10 முறை, ஐந்து நாள். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ இதோடு நிற்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

வலி ஊசியிலும் கவனம் தேவை. டைக்ளோபினாக் போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாய் அழிந்தன. கால்நடைக்கு அது 2006லேயே தடை. கீட்டோபுரோபன், அசிகுளோபினாக் 2023ல் தடை. மெலாக்சிகம் கழுகுக்குப் பாதுகாப்பானது. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாமல், மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஊசி போட்ட தேதியையும், பாலை மறுபடி ஊற்றலாம் என்ற தேதியையும் கொட்டகைத் தூணில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் குரும்பாப்பட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியையோ, அங்கேயே உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். போகும்போது மருந்தின் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.