பூட்டு, சாவி, பிஞ்சு விரல்!

இரண்டரை வயசுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, 'அ எழுது' என்று அதட்டும் தாய்மார்களே... விரலுக்குப் பலம் வராமல் எழுத்து எப்படி வரும்?

1907-ல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி துவக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், முதலில் கைக்குத்தான் வேலை கொடுத்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் நம் கொடைக்கானலிலும் தங்கிப் பணி செய்தார்.

இதற்குப் பெரிய செலவில்லை. பழைய பூட்டையும் சாவியையும் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். திண்டுக்கல்காரர் வீட்டில் பூட்டுக்கா பஞ்சம்? சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றட்டும். சிந்தினால் அடி கொடுக்காமல், துடைக்கத் துணி கொடுங்கள். மொச்சையையும் கொண்டைக்கடலையையும் கலந்து, பிரிக்கச் செய்யலாம். வாயில், மூக்கில் போட்டுக் கொள்ளாமல் பக்கத்திலேயே இருப்பது அவசியம். பிறகு, தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதட்டும். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய நம் தாத்தாக்களின் கையெழுத்து கெட்டா போச்சு?

'நானே போட்டுக்கறேன்' என்று பிள்ளை அடம் பிடிக்கிறதா? மறுநாள் பத்து நிமிஷம் முன்னதாக எழுப்பி விடுங்கள். 'வேன் வந்துடுச்சு' என்று தினமும் நாமே பட்டன் போட்டு விட்டால், அது எப்போ கத்துக்கும்?

- ஓர் இல்லத்தரசி, நாகல் நகர், திண்டுக்கல்.