நீக்கினாலும் நீங்காத கோளாறு

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குப் பதிவுசெய்த வீட்டுக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த கெடு 2026 அக்டோபர் 13. இதை ஒட்டி விண்டோஸ் 11-க்கு மாறும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: ஒரு மென்பொருள் திறந்த உடனே மூடிக்கொள்கிறது, அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலும் அப்படியேதான் இருக்கிறது. வைரஸா, கணினியே பழுதா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமில்லை. ‘அன்இன்ஸ்டால்’ என்ற சொல் தரும் வாக்குறுதியை அந்தப் பொத்தான் நிறைவேற்றுவதில்லை என்பதுதான் விஷயம்.

நிறுவும் நிரல் எந்தக் கோப்பை எங்கே வைத்தோம் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்கிறது. நீக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்தே எடுக்கிறது. ‘ரிப்பேர்’ என்று அழுத்தினாலும் அதே பட்டியலைத்தான் சரிபார்க்கிறது. ஆனால் மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகு அதுவாகவே எழுதிக்கொண்டவை, அதாவது உங்கள் விருப்பங்கள், நீட்சிகள், தற்காலிகச் சேமிப்பு ஆகியவை பட்டியலில் இல்லை. அவை உங்கள் பயனர் கணக்குக்குள் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரிலும், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரிஜிஸ்ட்ரியில் உங்களுக்கான பகுதியிலும் தங்கிவிடுகின்றன. லிப்ரே ஆஃபீஸைப் பாருங்கள். இன்றைய பதிப்பை நிறுவினாலும் அதன் பயனர் அமைப்புகள் ‘4’ என்று பெயரிட்ட ஃபோல்டரில்தான் இருக்கும். அது 2013-இல் வந்த நான்காம் பதிப்பின் எண். எத்தனை பதிப்புகள் மாறினாலும் அதே ஃபோல்டர் தொடர்கிறது. அதில் ஒரு கோப்பு சிதைந்திருந்தால் புத்தம்புதிய பதிப்பும் அதைப் படித்துத்தான் விழும். கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்வதாகச் சொல்லி விண்டோஸ் 11-க்கு மாறும்போது இந்தச் சிதைவும் கூடவே வருகிறது. பயனர் விவரங்களைச் சர்வரில் வைத்துப் பகிரும் அலுவலக வலைப்பின்னல்களில் நிலைமை இன்னும் கவலைக்குரியது: ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் ‘ரோமிங்’ பகுதி ஊழியர் அமரும் வேறு கணினிக்கும் போய்ச் சேர்கிறது. இயந்திரத்தை மாற்றினாலும் கோளாறு ஆளைத் தொடர்கிறது.

அமைப்புகளை இப்படி விட்டுவைப்பது பயனரின் நன்மைக்குத்தானே என்ற வாதம் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸை நீக்கியவுடன் சேமித்த புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் அழிந்தால் யார் பொறுப்பது? ஒரே கணினியை நான்கு பேர் பயன்படுத்தும்போது, ஒருவர் நீக்கினால் மற்ற மூவரின் அமைப்புகளையும் தொடலாமா? கூடாது. ஆனால் இந்த வாதம், சொல்லாமல் விட்டுவைப்பதை நியாயப்படுத்தாது. விஎல்சி பிளேயரின் நிறுவல் நிரல் பழைய விருப்பங்களை அழிக்க ஒரு தேர்வு தருகிறது. மற்றவர்களும் அப்படிக் கேட்கலாம். கேட்காமலே, உதவிப் பக்கங்களில் ‘நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்’ என்று அறிவுரை எழுதுவது, பயனரின் அரை நாளை வீணடிப்பது.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. விண்டோஸில் புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கி அங்கே அந்த மென்பொருளைத் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் நிரலில் குற்றமில்லை, உங்கள் அமைப்புகளில்தான் கோளாறு. பழைய கணக்குக்குத் திரும்பி, மென்பொருள் பின்னணியில் ஓடாதபடி டாஸ்க் மேனேஜரில் முழுதாக மூடுங்கள். விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ‘ஆப்டேட்டா’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அதில் அந்த மென்பொருளின் பெயருள்ள ஃபோல்டரை அழிக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றுங்கள். மென்பொருள் புதிய ஃபோல்டரை அதுவே உருவாக்கிக்கொள்ளும். தண்டர்பேர்ட் போன்றவற்றில் உங்கள் மின்னஞ்சல்களே அந்த ஃபோல்டருக்குள் இருப்பதால் இந்த எச்சரிக்கையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரிஜிஸ்ட்ரி கிளீனர் உதவுமா? வேண்டாம், அத்தகைய கருவிகளை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.

புதிய கணக்கிலும் ஓடவில்லையா? கிராஃபிக்ஸ் டிரைவர், விஷுவல் சி++ துணைக்கோப்புகள், ஆன்டிவைரஸ் ஆகியவற்றைப் பாருங்கள்.

சரியான பிறகு மறுபடி கெடுகிறதா? இணையக் கணக்கின் ‘சிங்க்’ வசதி பழைய அமைப்பைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். அதை நிறுத்திப் பாருங்கள்.

மேக் கணினியில்? செயலியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்தாலும் ‘லைப்ரரி’ ஃபோல்டரில் அமைப்புகள் மிஞ்சும்.

பெயர் மாற்றிய பழைய ஃபோல்டரை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.