தோல் கொழுப்பும் பிரியாணி கொழுப்பும்... கரைக்கும் நொதி ஒரே குடும்பம்தான்! எப்படி தெரியுமா?

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் டேனரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நல்லாவே தெரியும். ஆட்டுத் தோலில் கொழுப்பு மிச்சமிருந்தால் சாயம் சரியாகப் பிடிக்காது, திட்டுத்திட்டாக நிற்கும். வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது. அதை நீக்கப் பயன்படும் பொருட்களில் ஒன்று, லிபேஸ் என்ற நொதி. ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணியின் கொழுப்பை நம் உடலுக்குள் உடைப்பதும் இதே லிபேஸ் குடும்பம்தான்.

எங்கே உடைகிறது?

வாயிலும் இரைப்பையிலும் கொஞ்சம் லிபேஸ் சுரக்கிறது. ஆனால் அங்கே நடப்பது சின்ன வேலை. பெரும்பகுதி வேலை சிறுகுடலில்தான்.

சிக்கல் என்னன்னா, லிபேஸ் தண்ணீரில் கரையும், கொழுப்பு கரையாது. பெரிய கொழுப்புத் துளியின் மேற்பரப்பை மட்டும்தான் நொதியால் தொட முடியும். இங்கேதான் பித்தநீர் வருகிறது. கல்லீரல் இதை தினமும் அரை லிட்டருக்கு மேல் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சேர்த்து வைத்து, கொழுப்பு குடலுக்கு வந்ததும் சுருங்கி வெளியே விடுகிறது. எண்ணெய்ச் சட்டியில் சோப்பு போட்ட மாதிரி, பெரிய துளி நுண்துளிகளாகச் சிதறும். பித்தநீர் நொதி கிடையாது, பலர் குழப்பிக்கொள்வது இதைத்தான்.

இப்போது கணையத்தின் லிபேஸ் இறங்குகிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் இருக்கும். அதில் ரெண்டை வெட்டி எடுத்துவிடும். உடைந்த துண்டுகள் குடல் சுவருக்குள் போய் மறுபடி கொழுப்பாகச் சேர்ந்து, நேராக ரத்தத்துக்குப் போகாமல் நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போகின்றன.

சோடா குடிச்சா கரையுமா?

கரையாது. ஏப்பம் வரும், அவ்வளவுதான். சுடுதண்ணீரும் அப்படித்தான்.

டேனரிக்கு எப்படி வந்தது?

ஒரு காலத்தில் தோலை மென்மையாக்க நாய், புறாக்களின் எச்சத்தைப் பயன்படுத்தினார்கள். நாற்றத்தைச் சொல்லவே வேண்டாம். ஜெர்மனியின் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர், 1907-ல் அதற்குப் பதிலாக விலங்குக் கணைய நொதிகளைக் கொண்டுவந்தார். அதில் முக்கிய வேலை புரதத்தை உடைக்கும் நொதிக்கு. கொழுப்பு நீக்க லிபேஸ் சேர்ப்பது பிற்பாடு வந்த முறை.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வலது மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். மலம் எண்ணெய்ப் பசையோடு, வெளிறி, கடும் நாற்றத்தோடு தொடர்ந்து போனால் கொழுப்பு செரிக்கவில்லை என்று அர்த்தம். கூடவே ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வீணாகும். 'கேஸ்' என்று நினைத்து மாத்திரை போட்டு நாளைக் கடத்தக் கூடாது. மேல்வயிற்று வலி முதுகு வரை பரவி வாந்தியும் இருந்தால் அது கணைய அழற்சியாக இருக்கலாம், உடனே மருத்துவமனை போகணும்.

கணையம் பழுதானவர்களுக்கு சாப்பாட்டோடு எடுக்கும் நொதி மாத்திரைகள் உண்டு. இவை பெரும்பாலும் பன்றிக் கணையத்திலிருந்து தயாராகின்றன. அதில் தயக்கம் உள்ளவர்கள் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல், டாக்டரிடம் முன்பே சொல்லிவிடலாம்.