உங்களுக்குத் தெரியுமா? முழங்கால் கொலாஜன் புதுப்பிக்கப்படுவதில்லை!

உங்கள் முழங்கால் குருத்தெலும்பில் இருக்கும் கொலாஜன் இழைகள் நீங்கள் வளர்ந்துகொண்டிருந்த வயதில் உருவானவை. வளர்ச்சி நின்ற பிறகு அவை அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஆயுசு முழுக்க அதே இழைகள்தான்.

● கண்டுபிடித்தது எப்படி? 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எகிறியது. உணவு வழியாக மனித உடலிலும் சேர்ந்தது. அந்தத் தடயத்தை வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் கொலாஜனின் வயதைக் கணித்து 2016இல் வெளியிட்டார்கள். மூட்டுத் தேய்மானம் வந்தவர்களிடமும் புதுக் கொலாஜன் சேர்ந்திருக்கவில்லை.

● முக்கால்வாசி தண்ணீர்: மூட்டுக் குருத்தெலும்பின் எடையில் சுமார் 65 முதல் 80 சதவீதம் நீர்தான். அதை உறிஞ்சி வைப்பவை புரோட்டியோகிளைக்கான்கள். அவை அளவுக்கு மீறி உப்பாமல் இறுக்கிப் பிடிப்பது கொலாஜன் வலை. சைக்கிள் டியூபை அடக்கி வைக்கும் டயர் மாதிரி.

● மூன்று அடுக்கு, மூன்று வாட்டம்: மேற்பரப்பில் இழைகள் படுக்கையாக ஓடும். நடுவில் பல திசைகளில் சாய்ந்திருக்கும். எலும்பை ஒட்டிய அடுக்கில் செங்குத்தாக நின்று குருத்தெலும்பை எலும்போடு பிணைக்கும்.

● காது மடல் வேறு ரகம்: அதில் கொலாஜனோடு எலாஸ்டின் இழைகளும் உண்டு. மடக்கிவிட்டால் சட்டென்று நிமிர்வது அதனால்தான்.

● சென்னைக்குப் பெருமை: கொலாஜன் மூலக்கூறு மூன்று புரி முறுக்கு. 1954இல் இந்த வடிவத்தை முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆராயக் கிடைத்த பொருள், கங்காரு வாலின் தசைநாண்!